2306 நம்பர் டோக்கன்

எனக்கு ஆட்களின் பெயர் நிற்காது. நம்பர் நிற்கும்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. காருக்குள் போகிற ஒயர்க் கட்டுகள் செய்கிறார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டைத் தாண்டியதும் ஒரு சின்ன அறை. கம்பி வலை போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே நான். வருகிறவர்களின் போனை வாங்கிப் பின்னால் மர அலமாரியில் இருக்கும் சின்னக் குழி ஒன்றில் வைத்து, அந்தக் குழியின் டோக்கனைக் கொடுப்பேன். ஷிஃப்ட் முடிந்து டோக்கனை நீட்டினால் போனைக் கொடுப்பேன். ஏழு வருஷமாக இதுதான் வேலை. எட்டாவது படித்தவளை லைனில் எடுக்க மாட்டோம் என்றார்கள். கவுன்டரில் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன்.

ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்தால் விட்டுப் போகிற வரை அதே நம்பர். அதனால் எனக்கு எல்லாரும் நம்பர்தான். 2118 கல்யாணம் பண்ணிக்கொண்டது. 2240 ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இப்படித்தான் என் தலைக்குள் இருக்கும்.

ஒரு ஷிஃப்டுக்கு முந்நூறு போன் கைக்கு வரும். யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டேன். பின்பக்கம் லேசாக மேடு தட்டினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடக் கூடாது. சார்ஜ் ஏறவில்லை என்று அழுகிறவர்களின் போனில் பாதிக்குப் பாதி சார்ஜர் ஓட்டைக்குள் பேன்ட் பாக்கெட் பஞ்சு அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தால் போதும். ஊசி விடக் கூடாது. மழையில் நனைந்தால் உடனே ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸப்பில் ஒரு ஃபைல் வந்தால், அதைத் தொட்டதும் இன்ஸ்டால் பண்ணட்டுமா என்று கேட்டால், அது பத்திரிகை கிடையாது. பத்திரிகை எதற்கு இன்ஸ்டால் ஆக வேண்டும்?

இதெல்லாம் சொல்வேன். இரண்டு வார்த்தையில் சொல்வேன். கேட்டுக்கொண்டு போவார்கள். ஷிஃப்ட் விட்டதும் ஜன்னலில் நாலைந்து பேர் நிற்பார்கள். "அக்கா, ஹேங் ஆவுதுக்கா." "அக்கா, சவுண்டே வரலக்கா." செக்யூரிட்டி அண்ணன் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். கிண்டல்தான். எனக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

2306 தூத்துக்குடிப் பக்கம். கடற்கரைக் கிராமம். சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முப்பது தாண்டிய வயது. குன்றத்தூரில் இரண்டு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். போனைத் திறந்தால் மாதா படம். பத்து மணி டீக்கு எல்லாரும் கேன்டீன் போவார்கள். இவள் டீயை வாங்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வருவாள். பத்து நிமிஷம். அவள் பேசுவாள். நான் கேட்பேன்.

"யக்கா, உங்களுக்கு வாயே கிடையாதாக்கா?"

"கீது."

"அப்பம் பேசுங்க."

"நீதான் பேசிகினு இருக்கியே."

சிரிப்பாள். ஊருக்குப் போய் வந்தால் மக்ரூன் ஒரு பாக்கெட் ஜன்னல் வழியாக வரும். வலையில் போன் நுழைகிற அளவுக்குத்தான் சந்து. பாக்கெட்டைப் படுக்கவைத்து, நசுக்காமல் தள்ளுவாள். ஆறேழு முறை அப்படி வந்திருக்கிறது.

அவள் வந்த இரண்டாம் வருஷம் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஒரு பையனின் போன் போனது. போன் போனால் பரவாயில்லை. எடுத்தவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, ஓடிபி வரவைத்து, பேங்கில் இருந்ததை வழித்துவிட்டான். அப்போது ஜங்ஷனில் போன் ரிப்பேர் கடைக்காரர் எனக்கு ஒன்று சொன்னார். சிம்முக்கே தனியாக ஒரு நம்பர் போடலாம். நாலு எண். சிம்மை வேறு போனில் போட்டாலும் அந்த நம்பரைக் கேட்கும். தெரியாதவனுக்கு அந்த சிம் வெறும் பிளாஸ்டிக். போனை அணைத்துத் திரும்ப ஆன் பண்ணினாலும் கேட்கும். மற்ற நேரம் கேட்காது. மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு சிம் கம்பெனிக்காரன்தான் திறக்க வேண்டும்.

என் சிம்முக்குப் போட்டேன். அடுத்த நாள் டீ நேரத்தில் 2306-இடம் சொன்னேன்.

"என் போனுக்கும் போடுங்கக்கா."

"இன்னா நம்பர்?"

"நீங்களே போடுங்க. எனக்கு எது ஞாபகம் இருக்கு?"

"உன் டோக்கன் நம்பரே போடறேன்."

"சரிக்கா. அதத்தான் தெனமும் பாக்கேம்லா."

போட்டேன். ஷிஃப்ட் விட்டதும், அவள் கண் முன்னால். வேறு யாருக்கும் அதை நான் போட்டுக் கொடுக்கவில்லை. சொல்லவும் இல்லை. மற்றதெல்லாம் எல்லாருக்கும் சொன்னேன். இது ஒன்று அவளுக்கு மட்டும் இருக்கட்டும் என்று இருந்தது. அது தப்பா சரியா என்று அப்போது யோசிக்கவில்லை.

போன வருஷம் மரக் குழிகளை எடுத்துவிட்டு இரும்பு ரேக் வைத்தார்கள். நம்பர் எல்லாம் மாறியது. ஏ, பி, சி என்று வரிசை. 2306 சி 41 ஆனாள். பழைய மஞ்சள் டோக்கன்களை மூட்டை கட்டி ஸ்க்ராப்பில் போடச் சொன்னார்கள். கட்டினேன். ஒன்றை மட்டும் எடுத்து டிராயரில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த மாசமே சி 58 வந்தது. டிப்ளமோ. இருபத்திரண்டு வயது இருக்கும். குன்றத்தூர்ப் பெண். அதனால் சி 41-ம் அதுவும் ஒரே கம்பெனி பஸ். நான் போகிறது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். எனக்கு ஷேர் ஆட்டோ. அந்த பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. முன்பு அதைப் பற்றி நான் நினைத்ததே கிடையாது.

அந்தப் பெண் வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தது. முதலில் பஸ்காரர்களுக்கு மட்டும். பிறகு ஷிஃப்டில் எல்லாரையும் சேர்த்தது. என்னையும் சேர்த்தது. தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். "குட் மார்னிங் மக்களே, இன்னைக்கு டிப்ஸ் இன்னான்னா..." முடிவில் போன் உலகத்துச் செய்தி ஒன்று. எந்த ஆப்பை எடுத்துவிட்டார்கள், எந்த மோசடி புதிதாகக் கிளம்பியிருக்கிறது, எந்தப் போனுக்கு இனி அப்டேட் கிடையாது. நல்ல குரல். சிரித்துக்கொண்டே சொல்லும்.

ஷேர் ஆட்டோவில் போனைக் காதில் அழுத்திவைத்துக் கேட்பேன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது. தப்பு ஏதாவது சொல்கிறதா என்று கேட்பேன். ஒரு நாள் சொன்னது: கீபோர்டில் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்து நகர்த்தினால், தப்பான எழுத்துக்கு நேராகப் போய் நிற்கலாம். ஆகாது என்று நினைத்தேன். ஆட்டோவிலேயே என் போனில் செய்து பார்த்தேன். ஆனது. எனக்கு அன்று முழுதும் பிடிக்கவில்லை.

இன்னொரு நாள் சார்ஜர் ஓட்டையில் பஞ்சு அடைவதைப் பற்றிச் சொன்னது. பல்குத்தும் குச்சி. ஊசி கூடாது. அது என் டிப்ஸ். யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள். அல்லது அதுவே எங்காவது பார்த்திருக்கும். கீழே கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. எண்ணினேன். இருபத்தாறு. நான் ஏழு வருஷம் சொன்னதற்கு ஒரு கட்டைவிரலும் கிடையாது. ஜன்னலில் கட்டைவிரல் காட்ட யாருக்குத் தோன்றும்?

ஷிஃப்ட் விட்டதும் ஜன்னலில் ஆட்கள் நிற்பது குறைந்தது. நாலு பேர் இரண்டானது. பிறகு போனை வாங்கினோமா போனோமா என்று ஆனது.

செக்யூரிட்டி அண்ணன் விடவில்லை.

"இன்னா டாக்டரம்மா, கிளினிக்ல ஈ ஓட்டிகினு கீற? பஸ்ஸுலயே ஸ்பெஷலிஸ்ட் வந்துட்டாங்களாமே?"

"உன் வேலைய பாரு ண்ணே."

"என் வேல கேட்டத் தொறக்கறது, மூடறது. அத எவனும் வாட்ஸப்புல சொல்லித்தர முடியாது. நீதான் மாட்டிகின."

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். டீ நேரம்தான் தாங்க முடியவில்லை. சி 41 ஜன்னலுக்கு வருவது தினமும் என்பது போய் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆனது. வந்தாலும் பேச்செல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளை இது சொல்லுது, அந்தப் பிள்ளை அது சொல்லுது. பிறகு அதுவும் நின்றது. கேன்டீன் வாசலில் இரண்டு பேரும் ஒரு வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பது ஜன்னலில் இருந்து தெரியும். வலைக்குள் இருந்து பார்த்தால் எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் இருந்தார்கள்.

ஊருக்குப் போய் வந்தாள். மக்ரூன் பாக்கெட் வரவில்லை. அடுத்த நாள் சி 58 போனைக் கொடுக்கும்போது பைக்குள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். அதே கடை. அதே சிவப்பு எழுத்து. போனை வாங்கி வைத்தேன். டோக்கனைக் கொடுத்தேன். கையில் கொடுக்காமல் சந்துக்கு வெளியே ஜன்னல் பலகையில் வைத்துவிட்டேன். அதுவே எடுத்துக்கொண்டது. "தேங்க்ஸ்க்கா" என்றது.

ஒரு வாரம் கழித்து செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்.

"உன் தூத்துக்குடி எப்போ கெளம்புது?"

"எங்க?"

"இன்னாம்மா, தெரியாத மாறி கேக்கற? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கம்பெனில செலக்ட் ஆயிடுச்சாம். பர்மனென்ட்டு. அந்தச் சின்னப் பொண்ணும் அதுவும் ஒண்ணா அப்ளை பண்ணுச்சாம். போன்லயே ஃபார்ம் எல்லாம் அந்தப் பொண்ணே போட்டுக் குடுத்துச்சாம். உங்கிட்ட சொல்லலயா?"

"சொல்லிச்சு" என்றேன்.

சொல்லவில்லை. நாலு வருஷமாக இங்கே கான்ட்ராக்டில் இருக்கிறாள். பர்மனென்ட் என்றால் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டிலிருந்து தனியாக வந்தவள். மாசா மாசம் கான்ட்ராக்ட் நீட்டுவானா மாட்டானா என்று பயந்துகொண்டே இருந்தவள். ஜன்னலில் நின்று என்னிடம்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிடைத்ததும் என்னிடம் சொல்லவில்லை. போகட்டும் என்று நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. வேலை கிடைத்ததில் பொறாமை இல்லை. எட்டாவது படித்தவளுக்கு எந்தக் கம்பெனியும் வேலைக்கு லிங்க் அனுப்பாது, அது பழகிவிட்டது. அந்தப் பெண்ணோடு ஒன்றாகப் போகிறாள் என்பதுதான்.

புதன்கிழமை விடிகாலை டிப்ஸ்: போனை எப்போதும் ஆனிலேயே வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அணைத்து ஆன் பண்ணுங்கள். வேகமாக ஓடும், பின்னால் ஒளிந்து ஓடுகிற கண்ட கண்ட ஆப்பும் நிற்கும். நாம்தான் எட்டு மணி நேரம் கவுன்டரில் கொடுக்கிறோமே, நாளைக்கு எல்லாரும் அணைத்தே கொடுங்கள்.

நல்ல டிப்ஸ்தான். அதில் தப்பு கிடையாது.

எங்கள் கவுன்டரில் யாரும் போனை அணைத்துக் கொடுக்க மாட்டார்கள். சைலன்ட்டில் போட்டுக் கொடுப்பார்கள். ரேக் முழுக்க நாளெல்லாம் உர்ர் உர்ர் என்று இருக்கும். அப்படியே பழக்கம். சி 41-ம் அப்படித்தான். இரவு சார்ஜில் போட்டு அலாரம் வைத்துப் படுப்பாள், அணைக்க மாட்டாள். சிம்முக்கு நம்பர் போட்டுக் கொடுத்ததிலிருந்து அந்தப் போனை அணைத்தே அவள் பார்த்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கு க்யூ. ஆளாளுக்கு பட்டனை அழுத்திக்கொண்டு நின்றார்கள். க்யூ நகரவில்லை. பின்னால் ஒருவன் கத்தினான். "சீக்கிரம் போனக் கொல்லுங்கபா, பஞ்ச் டைம் ஆவுது."

சி 41 வந்தாள். ஜன்னல் முன்னால் நின்று பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

"யக்கா, இதுக்கும் ஒரு நா லீவு குடுக்கணுமாம். அந்தப் பிள்ள சொல்லுது. பாவம், நாலு வருசமா ஓ.டி. பாக்குதுலா."

க்யூவில் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சிம் நம்பர் ஞாபகம் கீதா? நாலு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் தன் பேச்சைக் கேட்டுப் போனை அணைப்பதைப் பார்த்து அதன் முகம் மலர்ந்திருந்தது.

நான் சொல்லவில்லை.

திரை கறுப்பானது. போனை வாங்கி சி 41-ல் வைத்தேன். டோக்கன் கொடுத்தேன்.

அன்று நாள் முழுக்க ரேக் சத்தமே இல்லாமல் இருந்தது. நான் உட்கார்ந்து நினைத்தது இதுதான்: இரண்டு மணிக்கு ஆன் பண்ணுவாள். நம்பர் கேட்கும். முழிப்பாள். ஜன்னலுக்கு வருவாள். யக்கா, என்ன நம்பர் போட்டிய என்று கேட்பாள். எல்லார் முன்னாலும் நான் சொல்வேன். அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு மேல் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் இதுவும் கெடுதல்தான்.

இரண்டு மணிக்குப் போனை வாங்கினாள். நடந்துகொண்டே ஆன் பண்ணினாள். பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள். திரையைப் பார்த்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். தலையைத் தூக்கினாள். நான் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

அவள் திரும்பியது அந்தப் பெண்ணின் பக்கம்.

இரண்டு தலையும் போனுக்கு மேல் குனிந்தன. அந்தப் பெண் ஏதோ அழுத்தியது. உதட்டைப் பிதுக்கியது. திரும்ப அழுத்தியது. இரண்டு முறை. எனக்கு எண்ணத் தெரியும். பஸ் ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் முகம் வீங்கியிருந்தது. போனைக் கொடுத்தாள். போன் ஆனில்தான் இருந்தது. மேலே டவர் கோடு இல்லை. சின்னப் பூட்டுப் படம் இருந்தது. டோக்கனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணி டீக்கு ஜன்னலில் சி 58 வந்து நின்றது. தனியாக. கையில் டீ கூட இல்லை.

"அக்கா, சிம் லாக் பத்தி உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஏன்? உனக்குத் தெரியாததா?"

"எனக்கு நெட்ல பாத்ததுதாங்க்கா தெரியும். நான் ஜீரோ ஜீரோ ஜீரோ ஜீரோ போட்டேன். அப்புறம் ஒன் டூ த்ரீ ஃபோர் போட்டேன். சிம் கம்பெனி போட்டுக் குடுக்கற நம்பர் அதுல ஒண்ணாதான் இருக்கும்னு நெனச்சேன். யாரோ மாத்தியிருக்காங்க. இன்னும் ஒரு சான்ஸ்தான் கீது. என் தப்புக்கா."

நான் வலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினேன்.

"இன்னைக்கு அஞ்சு மணி லாஸ்ட்டு. அந்தக் கம்பெனி லிங்க்ல போய் ஓகே குடுக்கணும். அவங்க நம்பருக்கு ஓடிபி வரும். அதப் போட்டாதான் ஆச்சு. இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என் போன்ல லிங்க் தொறந்துடலாம். ஓடிபி வரணுமே."

"சிம் கம்பெனிக்குப் போன் பண்ணலாம் இல்ல?"

"பண்ணோம்க்கா. சிம்மு அவங்க அண்ணன் பேர்ல கீது. அவர் டீடெய்லு கேக்கறாங்க. அவர் போட்ல கடலுக்குப் போய் நாலு நாளாவுதாம். டவர் கெடையாது."

"அவளையே வந்து கேக்கச் சொல்லு."

"வரமாட்டாங்கக்கா."

"ஏன்?"

அது கீழே பார்த்தது. "வேல விஷயம் உங்ககிட்ட சொல்லலியாம். சொல்ல வாய் வரலன்னு சொன்னாங்க. அவங்க போயிட்டா உங்களுக்கு இங்க யாரு கீறாங்கன்னு... இப்போ வந்து எந்த மூஞ்ச வெச்சிகினு கேக்கறதுன்னு அழுவறாங்க. மத்தியானம் பொறந்த வருஷம் போட்டுப் பாக்கலாம்னு சொல்றாங்க. வந்தா வரட்டும், போனா போவட்டும்னு."

மணி அடித்தது. அது ஓடியது.

போன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் கையை நீட்டினால் எடுக்கலாம். நாலு எண் போட்டு வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் கவுன்டரில் ஒரு முறை உண்டு. ஆள் இல்லாதபோது அடுத்தவர் போனைத் திறக்கக் கூடாது. ஏழு வருஷத்தில் நான் அதை மீறியது கிடையாது. அன்றும் மீறவில்லை. மீறாமல் இருந்ததற்கு முறை மட்டும் காரணமா என்று தெரியவில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிறந்த வருஷம் தப்பு. சிம் பூட்டிக்கொள்ளும். ஐந்து மணி தாண்டும். அந்தப் பெண் மட்டும் போகும். இவள் இங்கேயே இருப்பாள். பத்து மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவாள். நான் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டேன். போனை அணைக்கச் சொன்னது நானா? தப்பு நம்பர் போட்டது நானா?

இதை இரண்டு மணி நேரம் நினைத்தேன். எழுதும்போதும் கூசுகிறது. ஆனால் நினைத்தேன். டீ கிளாஸோடு அவள் வந்து நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன். அந்த முகம் இன்று காலை பார்த்த முகமாகவே இருந்தது. மாற்றிப் பார்க்க முடியவில்லை.

டிராயரைத் திறந்து மஞ்சள் டோக்கனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி. க்யூ. அவள் வந்து சி 41 டோக்கனை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போனை எடுத்து, அதற்கு மேல் மஞ்சள் டோக்கனை வைத்துச் சந்தில் தள்ளினேன்.

"இது என்னக்கா?"

"உன் பழைய டோக்கன்."

"இதயா இன்னும் வச்சிருக்கிய?"

"சிம்முக்கு இதான் நம்பர். நாந்தான் போட்டேன். அந்த போன் திருட்டு அப்போ."

அவள் டோக்கனைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. பின்னாலிருந்து சி 58 எட்டிப் பார்த்தது.

"அக்கா, ஒரு சான்ஸ்தான் கீது. கரெக்டா தெரியுமா?"

"தெரியும்."

பின்னால் க்யூ கத்தியது. "அக்கோவ், அங்க இன்னா பூஜையா நடக்குது? பஸ்ஸு போயிடும்."

"இருடா" என்றேன். நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நின்றுவிட்டார்கள்.

அவள் போட்டாள். இரண்டு. மூன்று. பூஜ்யம். ஆறு. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. டவர் கோடு ஒவ்வொன்றாக ஏறியது. பிறகு மெசேஜ்கள் விழ ஆரம்பித்தன. டங், டங், டங் என்று. ஒரு நாள் முழுக்கத் தேங்கியது.

அந்தப் பெண் கை தட்டிவிட்டது. க்யூவில் என்ன ஏது என்று தெரியாமலே இரண்டு பேர் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யக்கா. நேத்து நான் அணைக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"தெரியும்."

"கேக்கும்னு தெரியும்?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். போனையும் மஞ்சள் டோக்கனையும் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்குப் போனாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துக் கை காட்டியது. அடுத்த ஆள் டோக்கனை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

நாலு மணிக்குக் குரூப்பில் அந்தப் பெண் ஒரு வாய்ஸ் போட்டது. ஓகே கொடுத்தாகிவிட்டதாம், இரண்டு பேருக்கும். வீட்டில் துவரம்பருப்பு களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டேன்.

சனிக்கிழமை விடிகாலை டிப்ஸ்: சிம்முக்கு நம்பர் போட்டவர்கள் அதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். தெரியாமல் யாரும் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், நான் போட்ட மாதிரி. இந்த டிப்ஸ் நம்ம கவுன்டர் அக்கா சொன்னது, அவங்களுக்கு ஒரு பெரிய தேங்க்ஸ். கீழே கட்டைவிரல்கள். எண்ணினேன். நாற்பத்தொன்று. அந்தப் பெண்ணின் எந்த டிப்ஸுக்கும் அவ்வளவு வந்தது கிடையாது. அதில் சி 41-ன் விரல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் இருந்த கடைசிப் பதினைந்து நாளும் போன் கொடுத்தாள், வாங்கினாள். "குட் மார்னிங்க்கா" என்றாள். டீக்கு வரவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

கடைசி நாள் சி 41 டோக்கனைத் திருப்பிக் கொடுத்தாள். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டாள். போகவில்லை. வலையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிம்மு நம்பர மாத்திட்டேன்க்கா."

"சரி."

"நானே போட்டேன். யாரும் போடல."

"எழுதி வெச்சிக்கோ."

"வச்சிருக்கேன்."

வலையிலிருந்து விரலை எடுத்தாள். "வெயில்ல ஆட்டோவுக்கு நிக்காதிய. ஷெட்டுக்குள்ள நில்லுங்க" என்றாள். போய்விட்டாள். மஞ்சள் டோக்கனை நான் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. வைத்திருக்கிறாளா, பஸ் ஜன்னல் வழியாக எறிந்தாளா, தெரியாது.

இப்போது யாராவது போனை அணைத்துக் கொடுத்தால் வாங்குவதற்கு முன்னால் கேட்கிறேன். "சிம்முக்கு நம்பர் போட்டிருக்கியா? ஞாபகம் கீதா?" எல்லாரையும் கேட்கிறேன். க்யூவில் முணுமுணுக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணன், டாக்டரம்மா அட்மிஷன் போடறாங்க, வெயிட் பண்ணுங்க என்கிறார். குரூப்பில் விடிகாலை டிப்ஸ் இன்னும் வருகிறது. அந்தப் பெண் புதுக் கம்பெனியில் இருந்துகொண்டே போடுகிறது. கேட்கிறேன். நல்லதாக இருந்தால் இப்போது ஒரு கட்டைவிரல் போடுகிறேன். போடும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அந்தப் புது நம்பர் என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்பதை மட்டும் ஒரு நாள் யோசித்தேன். ஒரு நாள் என்று சொல்லக் கூடாது. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தினமும் யோசிக்கிறேன்.